வெயில் வாங்கிய கோட்டு

வீட்டில் எல்லோருக்கும் அவள் பென்சில்தான். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருப்பாள். ஆளும் அந்தக் கனம்தான். கலைக் கல்லூரியில் ஆடை வடிவமைப்பு கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இறுதித் தேர்வுக்கு ஒவ்வொரு மாணவரும் உடம்பில் போட்டுக்கொள்ளக்கூடிய கலைப்பொருள் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். தலைப்பைத் துறையிலேயே கொடுத்துவிட்டார்கள்: 'நாம் யார், நம்மைச் சுற்றி என்ன மாறுகிறது.' இரண்டும் ஒரே உடையில் தெரிய வேண்டும். உடை உடையாகவும் இருக்க வேண்டும்.

வகுப்பில் இருந்த பதினாறு பேரில் ஒன்பது பேர் மறுநாளே பிளாஸ்டிக் பைகளை வெட்ட உட்கார்ந்துவிட்டார்கள். பென்சில் சாயப் பட்டறைக்குப் போனாள். அங்கே கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில் ஒரு கருநீலச் சாயம் இருந்தது. ஏதோ பூவிலிருந்து எடுத்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வெயிலில் நிற்காது. 'பயன்படுத்தாதே' என்று டப்பா மேல் எழுதியே ஒட்டியிருந்தார்கள். அவள் ஒரு துணித்துண்டை அதில் முக்கி மொட்டை மாடியில் காயப்போட்டு, பாதியை அட்டையால் மூடிவைத்தாள். பத்தாம் நாள் எடுத்துப் பார்த்தபோது மூடிய பாதி நீலமாகவும், மூடாத பாதி சாம்பலாகவும் இருந்தது. இடையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு விளிம்பு.

அதிலிருந்து அவளுக்குப் பிடி கிடைத்தது. இந்தச் சாயத்தில் ஒரு கோட்டு தைத்து, நாள் முழுக்க வெயிலில் நிற்கும் ஒருவரை ஆறு வாரம் போட்டுக்கொள்ளச் சொன்னால், அவர் எப்படி நின்றார், எந்தக் கையைத் தூக்கினார், எங்கே நிழல் கிடைத்தது என்பதெல்லாம் துணியிலேயே பதிந்துவிடும்.

"இதுல நாம யாருங்கிற கேள்விக்கு என்ன பதில்?" என்று கேட்டார் பேராசிரியர்.

"வெயில்ல நிக்கிறவங்க யாருன்னே யாருக்கும் தெரியாது சார். சட்டையில ஒரு நம்பர் இருக்கும், அவ்வளவுதான். கோட்டு சொல்லும் சார்."

பேராசிரியர் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "சரி, செஞ்சு கொண்டா, பார்ப்போம்" என்றார்.

வெயிலில் நிற்கும் ஆள் வீட்டிலேயே இருந்தார். மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அக்கா வீட்டு முன்னறையில்தான் இருந்தார். பெரிய மருத்துவமனை ஒன்றின் பக்கத்தில் இருந்த திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில் வேலை. உள்ளே வரும் கார்களுக்கு இடம் காட்ட வேண்டும். காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை, மைதானத்தின் நடுவே சுண்ணாம்பால் போட்ட ஒரு வட்டத்துக்குள் நின்று, இடது கையில் விசிலும் வலது கை வானத்தைப் பார்த்தும் இருப்பார். மார்பில் பதினான்கு என்ற எண் போட்ட ஒரு வில்லை. கார்க்காரர்கள் அவரை 'ஹலோ' என்பார்கள், 'ஏம்ப்பா' என்பார்கள், பாதிப் பேர் ஹாரன் மட்டும் அடிப்பார்கள்.

"கோட்டா? இந்த வெயில்லயா?" என்றார் மாமா.

"பருத்தித் துணிதான் மாமா. ஆறு வாரம்தான்."

"பொட்டு வச்சு மாலை போட்டுக் கூட்டிட்டுப் போறதுதான் பாக்கி," என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள். "அவன் ஆடு, நீ பூசாரி."

மாமா சிரித்துக்கொண்டே எழுந்து நின்று, அளவெடுக்கக் கைகளை விரித்தார்.

பென்சில் அதை ஏனோதானோ என்று தைக்கவில்லை. முழங்கால் வரை நீளம், அகலமான கழுத்துப்பட்டை, தோளில் சரியான வெட்டு, உள்பக்கம் தையல் தெரியாத முடிப்பு. போட்டுப் பார்த்தபோது மாமா கண்ணாடி முன் ஒரு பக்கம் திரும்பினார், மறுபக்கம் திரும்பினார், பிறகு தலையை வாரிக்கொண்டார்.

நிறுத்துமிடத்து மேலாளர் முதல் நாளே கேட்டாராம், இது என்ன வேஷம் என்று. "டாக்டர் போடச் சொன்னாரு சார், தோல்ல அலர்ஜி" என்று மாமா கூசாமல் சொல்லியிருக்கிறார். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருந்ததால் மேலாளரும் நம்பிவிட்டார்.

ஆனால் அன்று மாலை மாமா வீட்டில் மூன்று முறை சொன்ன விஷயம் வேறு. ஒரு பெரிய கார் வந்து நின்றது, கண்ணாடி இறங்கியது, உள்ளே இருந்தவர், "சார், எங்க விடட்டும்?" என்று கேட்டாராம்.

"சார்ங்கிறான் அக்கா. என்னைப் பார்த்து. பதிமூணு வருஷத்துல மொத தடவை."

"கோட்டைப் பார்த்துச் சொல்லியிருப்பான்" என்றாள் அம்மா.

"கோட்டுக்குள்ள நான்தானே இருந்தேன்?"



ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு விடுமுறை. அன்று பென்சில் கோட்டை வாங்கி, ஒரே சுவர் முன், ஒரே வெளிச்சத்தில் மாட்டிப் படம் எடுப்பாள். மூன்று வாரம் எல்லாம் அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. தோள்கள் முதலில் வெளுத்தன. வலது கையைத் தூக்கித் தூக்கி, அந்தக் கையின் அடிப்பக்கமும் வெளுத்தது. இடது கையின் அடிப்பக்கம் புதுசு மாதிரி இருந்தது. மார்பில் வில்லை இருந்த இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருநீலக் கட்டம். கழுத்துப்பட்டையும் அதை ஒட்டிய கொஞ்சம் தோள்பட்டையும் நிறம் மாறவே இல்லை. அது தலையின் நிழல். உச்சி வெயிலில் மாமாவின் தலை தனக்குக் கீழே அந்த அளவு துணியைக் காப்பாற்றியிருந்தது.

நான்காம் வாரம் திங்கட்கிழமை நிறுத்துமிடத்தில் மரம் வெட்ட ஆள் வந்தார்கள். மேற்குச் சுவரை ஒட்டி வரிசையாக ஏழு மரங்கள் இருந்தன. இன்னும் நாற்பது கார் நிறுத்த இடம் வேண்டுமாம். திங்கள் நாலு, செவ்வாய் மூணு, முடிந்துவிட்டது. அதுவரை மதியம் இரண்டு மணிக்குமேல் மாமா நிற்கும் வட்டத்துக்கு மர நிழல் வரும். இனி வராது. செவ்வாய் மாலை வீட்டுக்கு வந்தவர், "மைதானம் மொட்டை அடிச்ச தலை மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிறு எடுத்த படத்தில் மாற்றம் பளிச்சென்று தெரிந்தது. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் அதிகமாக. அதுவரை இருட்டாக இருந்த கழுத்துப்பட்டை வெளுக்க ஆரம்பித்திருந்தது. ஐந்து படங்களையும் வரிசையாக மேசையில் வைத்தபோது பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"மரம் வெட்டினது துணியில தெரியுதும்மா! இந்த இடம் பாரு, மூணாவது படத்துக்கும் நாலாவது படத்துக்கும் நடுவுல. யாரும் ஒரு வார்த்தை எழுத வேண்டாம். இதுதான் உன் வேலை. அறிக்கையில இதை வச்சே ஆரம்பி."

அவள் அதை வைத்தே ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து, 'மரங்களின் நிழல் நீங்கியதும் கழுத்துப்பட்டை' என்று எழுதியவள் அங்கேயே நின்றாள். மர நிழல் போனால் எல்லா இடமும் இன்னும் வெளுக்க வேண்டும், சரி. ஆனால் கழுத்துப்பட்டையை இருட்டாக வைத்திருந்தது மரம் இல்லையே, தலையல்லவா. மரம் போகலாம், மாமாவின் தலை எங்கே போனது? வலது கையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். மூன்றாவது படத்துக்குப் பிறகு அது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. அந்தக் கையை யாரும் அதிகம் தூக்கவில்லை.

மறுநாள் நண்பகலில் அவள் நிறுத்துமிடத்துக்குப் போனாள். நுழைவாயிலுக்கு எதிர்ப்புறம், சாலையின் இந்தப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஓர் இரும்பு நாற்காலி இருந்தது. நாற்காலியின் முதுகில் கோட்டு மாட்டியிருந்தது. மார்பில் பதினான்காம் எண் வில்லை குத்தியிருந்தது. மாமா கொஞ்சம் தள்ளி, டிக்கெட் கூண்டின் ஓரமாக விழுந்திருந்த ஒரு முழ நிழலில், வெறும் சீருடையில் நின்று விசில் அடித்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் வெயிலுக்குள் வந்தார். நாற்காலியைப் பிடித்து, தூங்கும் ஆளை ஒருக்களிக்க வைப்பதுபோல மெதுவாகக் கொஞ்சம் திருப்பினார். கழுத்துப்பட்டையை நேராக்கினார். திரும்பவும் நிழலுக்குப் போனார்.

அவள் அவரிடம் போகவில்லை. அவர் ஒரு காரோடு உள்ளே நடந்து போன சமயம் டிக்கெட் கூண்டுக்குப் போனாள். கூண்டில் இருந்தவள் அம்மா வயதுக்காரி. எல்லோருக்கும் டிக்கெட் அக்கா.

"நீதான் பென்சிலா? வா வா. உன்னைப் பத்தி ஒரு நாளைக்குப் பத்து தடவை காதுல விழும்."

"அந்தக் கோட்டு ஏன் நாற்காலில இருக்கு அக்கா?"

டிக்கெட் அக்கா சில்லறைத் தட்டை ஒருமுறை இப்படி நகர்த்தி, ஒருமுறை அப்படி நகர்த்தினாள்.

"உங்கிட்ட சொல்லலையா? அதானே, அந்த மனுஷன் எங்க சொல்லப் போறாரு. மரத்தை வெட்டினாங்கல்ல, அதுக்கு மறுநாள். மத்தியானம் மூணு மணி இருக்கும். ரெண்டு காருக்கு நடுவுல அப்படியே சரிஞ்சுட்டாரு. பின்னாடி வந்தவன் பிரேக் போட்டான், இல்லன்னா கதையே வேற. பக்கத்துலயே ஆஸ்பத்திரி, தூக்கிட்டுப் போனோம். ரெண்டு மணி நேரம் குளுக்கோஸ் ஏத்தினாங்க. கோட்டைக் கழட்டிட்டுதான் இனி நிக்கணும்னு டாக்டர் திட்டினாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, காலைல பத்து மணி வரைக்கும் போட்டுப்பாரு. பத்துக்கு நாற்காலிக்கு மாட்டிருவாரு. நாலு மணிக்கு எடுத்து மறுபடி போட்டுப்பாரு. நடுவுல மணிக்கு ஒரு தடவை வந்து திருப்புவாரு. நான் கேட்டேன், எதுக்குய்யா இந்த வேலைன்னு. 'சூரியன் நகருதுல்ல, நான் நின்னா நானும் திரும்புவேன்ல'ன்னாரு."

அன்று மாலை மாமா வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பென்சில் பின்னால் போய் நின்றாள்.

"மயங்கி விழுந்தீங்களாமே?"

மாமா துண்டால் முகத்தை அவசியத்துக்கு மேல் துடைத்தார். "யாரு, டிக்கெட் அக்காவா? அது வாய்ல ஒண்ணும் நிக்காது."

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவே."

"நிறுத்தத்தானே வேணும்?"

"அதுக்குத்தான் சொல்லல."

கூடத்தில் மருந்துக்கடைச் சீருடையை மாற்றாமலே உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். வேலை முடிந்து வந்தவளுக்கு இது புதுச் செய்தி. தம்பியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "ஒருத்தருக்கொருத்தர் நல்லா வாய்ச்சீங்க" என்றாள். அதற்கப்புறம் அன்று முழுக்க அவள் இருவரிடமும் பேசவில்லை. சோற்றுத் தட்டை வைக்கிற சத்தத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை மாமா எழுவதற்கு முன்பே பென்சில் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஏழு மணிக்கு மாமா வேலைக்கு வந்தபோது அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு வட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். கை நுனி கோட்டுக்குள்ளேயே போய்விட்டிருந்தது.

"என் வேலைக்கு ஆபத்தா?" என்றார் மாமா.

"சும்மா நிக்கிறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

மாமா அவளுக்குப் பக்கத்தில் நின்று கார்களுக்கு இடம் காட்டினார். அவளை யாரும் சார் என்றோ மேடம் என்றோ கூப்பிடவில்லை. ஒருவர் கண்ணாடியை இறக்கி, "என்னம்மா, ஷூட்டிங்கா?" என்று கேட்டார். ஒன்பது மணிக்கு முதுகில் வியர்வை இறங்க ஆரம்பித்தது. பத்து மணிக்கு அது நின்று, தோள் இரண்டிலும் யாரோ சூடான தட்டுகளைக் கவிழ்த்து வைத்தது போலிருந்தது. தரையிலிருந்து எழும்பிய சூடு கோட்டின் விளிம்புக்குள் புகுந்து வெளியேற வழி தெரியாமல் உள்ளேயே சுற்றியது. பத்தே முக்காலுக்கு எதிரே இருந்த கார்களின் கண்ணாடிகள் எல்லாம் ஒரே வெள்ளையாகின. மாமா வந்து அவள் கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிப்போனார். டிக்கெட் அக்கா தண்ணீர் கொடுத்தாள்.

அவள் இருபத்திரண்டு வயதுக்காரி, நின்றது மூன்றே முக்கால் மணி நேரம். மாமாவுக்கு ஐம்பத்தொன்று. அவர் இருபது நாள் நின்றிருந்தார்.  ஆறாவது வாரம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. கோட்டை மடித்துப் பையில் வைத்து, "போதும் மாமா" என்றாள்.

அறிக்கையைத் திருத்த வேண்டியிருந்தது. பேராசிரியர் முகம் சுருங்கியது. "மரத்தோட நிறுத்திக்கலாமே. மரத்தை வெட்டினாங்க, ஆளால நிக்க முடியல. அதுவும் உண்மைதானே?"

"கழுத்துப்பட்டையில இருக்கிறது மரம் இல்ல சார். அங்க ஆள் இல்லாததுதான் இருக்கு."

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

கண்காட்சியில் மற்ற பதினைந்து உடைகளும் பொம்மைகள் மேல் நின்றன. பென்சில் கோட்டை ஓர் இரும்பு நாற்காலியின் முதுகில் மாட்டினாள். பக்கத்தில் ஐந்து படங்களையும் ஒட்டி, கீழே ஓர் அட்டையில் எழுதி வைத்தாள்: 'இந்தக் கோட்டை இருபது நாள் ஒரு மனிதர் போட்டிருந்தார். மரங்கள் வெட்டப்பட்ட பிறகு பன்னிரண்டு நாள் ஒரு நாற்காலி போட்டிருந்தது. கழுத்துப்பட்டையைப் பாருங்கள்.' மாமா மயங்கி விழுந்ததை அவள் எழுதவில்லை. அவர் கௌரவத்தைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டாள். எழுதியதை முன்கூட்டி அவரிடம் காட்டவும் இல்லை.

மாமா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, டிக்கெட் அக்காவோடு வந்தார். வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தவர் நாற்காலியைக் கண்டதும் நடையைக் குறைத்தார். அட்டையைப் படித்தார். அவர் படிக்கும்போது உதடு அசையும். கடைசி வரி வரை அசைந்தது. பிறகு டிக்கெட் அக்காவிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பென்சிலால் அவர் பின்னால் ஓட முடியவில்லை. தேர்வாளர்கள் அவள் இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஓர் ஆடை நிறுவனத்தில் தலைமை வடிவமைப்பாளர். அந்த அம்மாள் கோட்டின் உள்தையலைத் தடவிப் பார்த்தார், தோள் வெட்டைப் பாராட்டினார். படங்களை நிதானமாகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"போட்டவருக்கு இதுல சம்மதமா?"

"போட்டுக்கச் சம்மதிச்சார்."

"எழுதினதுக்கு?"

பென்சில் வாசலைப் பார்த்தாள். "கேக்கலை மேடம்."

"அவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆச்சா?"

"ஆச்சு."

"அதை ஏன் எழுதல?"

 தேர்வாளர் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த பொம்மைக்கு நகர்ந்தார். பென்சிலுக்கு வந்தது நடுத்தர மதிப்பெண். பிளாஸ்டிக் பைகளால் மீன்வால் வைத்த கவுன் தைத்தவளுக்கு முதலிடம். அந்தக் கவுன் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

மாமா பேச்சை நிறுத்திவிட்டார். சத்தம் போடவில்லை, சாப்பாட்டைக் குறைக்கவில்லை, அவளோடு மட்டும் பேசவில்லை. ஒரே அறையில் இருந்தாலும் அம்மா வழியாகத்தான் போகும். "அக்கா, அவகிட்ட அந்த ஃபேனைக் குறைக்கச் சொல்லு." அம்மா இரண்டு நாள் தபால்காரி வேலை பார்த்துவிட்டு, "எனக்கு வேற வேலை இருக்கு, நேரா பேசிக்கோங்க" என்று விலகிக்கொண்டாள்.

எட்டாம் நாள், ஞாயிறு மதியம், பென்சில் அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க நின்னதைத் தப்பா எழுதிட்டேனா மாமா?"

மாமா செய்தித்தாளைத் தாழ்த்தாமலே சொன்னார். "நாற்காலி போட்டிருந்துச்சாம். நாற்காலி."

"நீங்க விழுந்ததை எழுதினா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு..."

"விழுந்தவன் விழுந்தான். அதுல என்ன சங்கடம்? இப்போ படிக்கிறவன் என்ன நினைப்பான்? மரத்தை வெட்டினதும் இவன் கோட்டைக் கழட்டி மாட்டிட்டு ஓபி அடிச்சுட்டான்னு நினைப்பான்." தாள் கீழே இறங்கியது. "பத்து மணி வரைக்கும் போட்டிருந்தது யாரு? நாலு மணிக்கு மேல போட்டிருந்தது யாரு? அந்த நாற்காலி தானா திரும்புச்சா? மணிக்கொரு தடவை வெயில்ல வந்து திருப்பினேனே, அது யாரு?"

"நீங்கதான்."

"அதை எங்க எழுதியிருக்கே?"

அவள் எங்கேயும் எழுதவில்லை. கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். செய்தித்தாளின் ஓரத்திலேயே எழுதத் தயாராகி, "சொல்லுங்க" என்றாள். மாமா எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். ஒரு சொல்லைச் சொல்லி, அடிக்கச் சொல்லி, வேறு சொன்னார். 'மயங்கி' வேண்டாம், 'விழுந்தார்' போதும் என்றார். 'உழைப்பாளி' என்று அவள் சேர்த்ததை எடுக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் ஐந்து வரி வந்தது.

கண்காட்சிக்கு இன்னும் மூன்று நாள் மீதி இருந்தது. திங்கட்கிழமை அவள் புது அட்டையை ஒட்டினாள்: 'கார் நிறுத்துமிடத்தில் இந்தக் கோட்டைப் போட்டு நின்றவர் இருபத்தொன்றாம் நாள் விழுந்தார். அதற்கு முந்தைய நாள்தான் அங்கிருந்த ஏழு மரங்களையும் வெட்டி முடித்திருந்தார்கள். அதன்பின் வெயில் ஏறியதும் கோட்டை நாற்காலியில் மாட்டி, வெயில் தாழ்ந்ததும் தானே போட்டுக்கொண்டார். நடுவில் மணிக்கு ஒருமுறை, தான் நின்றால் எப்படித் திரும்புவாரோ அப்படி நாற்காலியைத் திருப்பினார். கழுத்துப்பட்டையைப் பாருங்கள்.' கீழே மாமாவின் பெயர், இனிஷியலோடு. அது அவர் கேட்டது. பதினான்கு என்று எங்கேயும் வரக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான்.

மதிப்பெண் மாறவில்லை. அட்டையை மாற்றியதைப் பேராசிரியர் கவனித்தார். மரங்களை வெட்டச் சொன்னவர்கள் யாரும் கண்காட்சிக்கு வரவில்லை. நாற்பது கார்களுக்கான இடத்தில் வெள்ளைக் கோடுகள் போட்டு முடித்தார்கள்.

மாமாவும் மறுபடி வரவில்லை. டிக்கெட் அக்கா தன் விடுமுறை நாளில் போய்ப் பார்த்து, அட்டையைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினாள். மாலை கூடத்தில் அவர் அதை இரண்டு விரலால் பெரிதாக்கி, மேலிருந்து கீழ் வரை உதடு அசையப் படித்தார். பென்சில் எதிரே உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இனிஷியல் கொஞ்சம் சின்னதா விழுந்திருக்கு" என்றார்.

"பெருசாக்கட்டுமா மாமா?"

"வேண்டாம், விடு. படிக்கிறவன் கிட்ட வந்து படிக்கட்டும்."

போனை மேசையில் கவிழ்த்துவிட்டு, மறுநாளுக்கான சீருடையைத் தேய்க்க எழுந்து போனார்.